மேயர் தேர்தலில் ஒரு குறுக்குப் பேச்சு

அந்த நகரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இடியார் என்றால் பால்காரருக்கும் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். மைதானத்தில் அவர் பேசும்போது மைக் வைப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அவர் மேடையேறியதும் மைக் செட்காரர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மூன்று தெரு தள்ளிக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அவர் பேச்சுக்கு ஒரு பாணி உண்டு. வாக்கியத்தை முக்கால்வாசி சொல்லிவிட்டு, வலது கையை மேலே தூக்கி, அப்படியே நிறுத்துவார். கூட்டம் கைதட்டும். தட்டி ஓய்ந்தபின் மீதியைச் சொல்லி முடிப்பார். அதற்கும் தட்டுவார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு கைதட்டல் வாங்கத் தெரிந்தவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே வயிறெரிந்து பாராட்டியதுண்டு.

அவர் மனைவிக்கு ஊர் வைத்த பெயர் தையல்காரம்மா. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவரின் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. யாராவது கேட்டால், "ஒத்திகை எல்லாம் வீட்டுலதானே நடக்குது, அங்க வேற வரணுமா?" என்பார்.

இடியார் மேயர் தேர்தலுக்கு நின்ற வருஷத்தில்தான் அந்த நாட்டுக்கு டெலிவிஷன் வந்தது. நாட்டுக்கு என்பது பேச்சுக்குத்தான். நிலையத்தின் கோபுரம் குட்டை. நகர எல்லையைத் தாண்டினால் திரையில் பனி கொட்டும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு அது உதவாது. மேயர் தேர்தலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தேர்தலுக்கு முந்தைய நான்கு வெள்ளிக்கிழமைகளும் மாலையில் இரண்டு வேட்பாளர்களும் தலா கால்மணி நேரம் பேசலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் வசதி அப்போது கிடையாது. வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

நிலையம் இருந்தது ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு அடுக்கிவைத்த இடம். குளிர் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் தக்கை பதித்திருந்தார்கள். தக்கை சத்தத்தையும் விழுங்கிவிடும், எதிரொலியே இருக்காது, படப்பிடிப்புக்கு இதைவிடத் தோதான கட்டடம் வேறில்லை என்று பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் குளிரூட்டும் இயந்திரத்தை அதற்கு முன்பே ஒரு மீன் வியாபாரி ஏலத்தில் எடுத்துப் போயிருந்தார். தக்கைச் சுவருக்குள் பெரிய பெரிய விளக்குகளை எரியவிட்டதும், நகரத்திலேயே வெக்கை அதிகமான அறை அதுதான் என்றாகிவிட்டது.

இடியாரை எதிர்த்து நின்றவர் ஒரு பல் டாக்டர். பரம சாது. மேடையில் அவர் பேசினால் முதல் வரிசைக்காரர்களே, "என்ன சொல்றாரு?" என்று இரண்டாம் வரிசையைத் திரும்பிக் கேட்பார்கள். இடியாரின் கட்சிச் செயலாளர், "தலைவரே, நாம பிரசாரமே பண்ண வேணாம். வீட்டுல படுத்துக்கிட்டே ஜெயிச்சிடலாம்" என்று சொல்லிவைத்திருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை சீட்டுக் குலுக்கியதில் டாக்டர் முதலில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காமிராவின் கண்ணாடிக்குள் ஒருமுறை உற்றுப் பார்த்தார். அப்புறம் உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்க. ரொம்ப நேரம் ஆகாது. தண்ணி வரி பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு விட்டுடறேன்."

வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் ஒரே ஓர் ஆளிடம், முகத்துக்குப் பக்கத்தில் முகம் வைத்து, இதமாகப் பேசிப் பேசியே காலம் தள்ளியவர் அவர். டெலிவிஷன் பார்ப்பவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நகரத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் தங்களை அறியாமல் வாயைத் திறந்துகொண்டு தண்ணீர் வரியைப் பற்றிக் கேட்டார்கள்.

அடுத்து இடியார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். காமிராவின் கால் அவ்வளவு உயரம் ஏறாது. வீட்டில் பார்த்தவர்களுக்குச் சட்டையின் மூன்றாவது பட்டனுக்குக் கீழேதான் தெரிந்தது. காமிராக்காரர் தட்டுத்தடுமாறி அதை அண்ணாந்து பார்க்கவைத்தபோது, இடியாரின் இரண்டு மூக்குத் துவாரங்களும் மோவாயும் நகரத்துக்குக் காட்சி தந்தன.

முதல் வாக்கியத்தை முக்கால்வாசி சொல்லிக் கையை உயர்த்தினார். நிறுத்தினார். தக்கைச் சுவர் அவர் குரலை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. இடியார் கையை இறக்கவும் தெரியாமல், வாக்கியத்தை முடிக்கவும் தெரியாமல் நின்றார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பி, புருவத்தில் தங்கி, மூக்கு நுனியில் சொட்டியது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த தயாரிப்பாளர் ஓர் இளம்பெண். ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சி நடத்திப் பழகியவள். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. விளக்குக்காரர் காதில் மாட்டியிருந்த கருவி வழியாக, "அண்ணே, யாராவது கொஞ்சம் கைதட்டுங்களேன்" என்றாள். அவர் ஏணி மேல் நின்று ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், இரண்டு கையாலும் தட்டினார். விட்ட விளக்கு சுழன்று பக்கத்து விளக்கில் மோதியது, இரண்டும் அணைந்தன. கைதட்டல் கேட்டுத் தெம்படைந்த இடியார், மீதி நேரத்தை இருட்டிலேயே பேசி முடித்தார். ரேடியோ மாதிரி இருந்ததால் அந்தப் பகுதி மட்டும் நன்றாக இருந்தது என்று மறுநாள் சிலர் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

தையல்காரம்மா பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு நம்ம வீட்டு ஹால்ல நின்னு கத்தறீங்க?"

"நான் எங்க இங்க கத்தினேன்? ஸ்டுடியோவுலல்ல பேசினேன்."

"இங்கதான் கத்தினீங்க. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பாப்பா பயந்து அழுதுடுச்சு. நான் எழுந்திருச்சு சத்தத்தைக் குறைச்சுட்டேன்."

"என் பேச்சையா குறைச்சே?"

"டாக்டர் பேசறப்ப கொஞ்சம் கூட்டி வெச்சோம்" என்றார் தையல்காரம்மா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது.

மறுநாள் செயலாளர் ஒரு யோசனையோடு வந்தார். "தலைவரே, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. கூட்டம் இல்லாததுதான் தப்பு. அதை நான் பார்த்துக்கறேன்." இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு லாரி நிறையக் கட்சிக்காரர்களைக் கூட்டிவந்து ஸ்டுடியோவை நிரப்பினார். "தலைவர் கை தூக்கினா தட்டணும்" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லித்தரவில்லை.

இடியார் பழைய உற்சாகத்தில் முழங்கினார். "நான் மேயரானால், இந்த நகரத்தில் எந்த ஏழை வீட்டுக்கும் குடிதண்ணீர் கிடையாது..." கையை உயர்த்தினார். கட்சிக்காரர்கள் கூரை அதிரத் தட்டினார்கள். விசிலடித்தார்கள். ஒருவர் காமிரா முன்னால் வந்து நின்று தன் அம்மாவுக்குக் கையசைத்தார். "...என்ற பேச்சுக்கே இடமிருக்காது" என்று இடியார் முடித்ததை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலைப் பத்திரிகை கேட்ட வரைக்கும் அப்படியே போட்டது. ஏழைகளுக்குத் தண்ணீர் கிடையாது: இடியார் அறிவிப்பு. தொண்டர்கள் ஆரவாரம்.

அன்றிலிருந்து இடியார் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப்போட்டவருக்கு, தேநீர்க் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் பேச வரமாட்டேன் என்று நிலையத்துக்குச் சொல்லியனுப்பினார்.

தயாரிப்பாளர் பெண் நேரில் வந்தாள். தனது முதல் தேர்தல் நிகழ்ச்சியில் ஒரு வேட்பாளர் பாதியில் ஓடிப்போனார் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்கிற கவலை அவளுக்கு. வாசலில் நின்றபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இடியார், மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சாக்கடை ஏன் அடைத்துக்கொள்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தெருக் குழாய் சின்னது, மேலத் தெருக் குழாய் பெருசு. பெருசு போய் சின்னதுல விழுந்தா என்ன ஆகும்? உன் தையல் ஊசியில சணல் கயிறு கோக்கற மாதிரிதான்."

குரல் தணிவாக இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. தயாரிப்பாளர் கதவைத் தட்டாமல் கேட்டுவிட்டு, அப்புறம் உள்ளே வந்தாள்.

"ஐயா, இப்படியே பேசுங்க. போதும்."

இடியார் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "எப்படி?" என்றார். மிஷின் மேலிருந்த நூல் கண்டு உருண்டு விழுந்தது.

இரண்டு மூன்று முறை முயன்று பார்த்தார்கள். தயாரிப்பாளர் எதிரில் உட்கார்ந்தால் இடியார் மேடைக்குப் போய்விடுவார். மனைவி எதிரில் இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கடைசியில் அவள் தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க ஸ்டுடியோவுக்கு வந்து சும்மா உட்கார்ந்தாப் போதும்."

"சும்மா உட்கார எனக்கு எங்கம்மா நேரம்? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. சட்டையெல்லாம் பட்டனுக்குக் காஜா எடுக்காம கிடக்கு."

"அதைக் கொண்டாந்து அங்க வெச்சுத் தைங்க."

"வெளிச்சம் இருக்குமா?"

"வெளிச்சத்துக்கு அங்க குறையே இல்லக்கா."

மூன்றாவது வெள்ளிக்கிழமை, காமிராவின் கண்ணுக்கு நேர் கீழே ஒரு முக்காலி போட்டு, தையல்காரம்மாவை உட்காரவைத்தார்கள். மடியில் சட்டைகள், வாயில் நூல். அவர் திரையில் தெரியமாட்டார். அவரைப் பார்த்துப் பேசினால், வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கும். இடியார் நாற்காலியில் உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். மனைவி பட்டனுக்குத் துளை வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக் கஷ்டம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்று இடியார் ஆரம்பித்தார். குரல் சரியாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தயாரிப்பாளர் மூச்சு விட்டாள். "குடத்தைத் தூக்கிக்கிட்டு விடிய விடிய குழாயடியில வரிசையில நின்னவன் நான்."

"எப்போ?"

நகரம் முழுவதும் அந்தக் குரல் கேட்டது. தையல்காரம்மா தலைகூட நிமிரவில்லை. வீட்டில் கேட்பது போலவே பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

இடியாரும் பழக்கத்தில் பதில் சொன்னார். "அதான், மழையே இல்லாம போச்சே, அந்த வருஷம்."

"அந்த வருஷம் நீங்க ஜெயில்ல இருந்தீங்க. நின்னது நான்."

"ஜெயில்லயும் தண்ணிக்கு வரிசைதான்."

"சரி, விடுங்க. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஏரியிலேர்ந்து புதுக் குழாய் போடப் போறோம்."

"எந்தத் தெருவுக்கு முதல்ல?"

"எல்லாத் தெருவுக்கும்தான்."

"எல்லாத் தெருவையும் ஒண்ணாத் தோண்டிப் போட்டா, தைச்ச துணியை நான் எந்த வழியாக் கொண்டு போய்க் கொடுக்கறது?"

கண்ணாடி அறையில் செயலாளர் தயாரிப்பாளரின் தோளைப் பிடித்து, "நிறுத்தும்மா, விளம்பரம் ஏதாவது போடு" என்று கெஞ்சினார். "நம்மகிட்ட விளம்பரமே இல்லீங்க" என்றாள் அவள். அது உண்மைதான். ஆனால் இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டாள்.

இடியார் மோவாயைச் சொறிந்தார். மேடையில் அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. "மேட்டுத் தெருக்களுக்குத்தான் முதல்ல. அங்க தண்ணி ஏறவே மாட்டேங்குது."

"நம்ம தெரு?"

"பள்ளத்துல இருக்கு. கடைசியிலதான் வரும். ரெண்டு வருஷம் ஆகலாம்."

"அப்ப நான் எதுக்கு உங்களுக்கு ஓட்டுப் போடணும்?"

"போடாட்டிப் போ. மேட்டுல இருக்கறவங்க போடுவாங்க."

"அவங்க போடலாம்" என்று சொல்லி, தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தார்.

செயலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைவர் வீட்டு ஓட்டே போச்சு."

நேரம் முடிந்து விளக்கை அணைத்ததும், தம்பதி இருவருக்கும் என்ன நடந்தது என்பது மெல்ல உறைத்தது. "நான் பேசினது வெளிய கேட்டிருக்குமா?" என்று தையல்காரம்மா கேட்டார். அதற்குள் நிலையத்தின் இரண்டு தொலைபேசிகளும் விடாமல் அடிக்கத் தொடங்கியிருந்தன. யாரும் திட்டவில்லை. யார் அந்த அம்மா என்று கேட்டார்கள். சாக்கடையைப் பற்றியும் அவரையே கேட்கச் சொல்லுங்கள் என்றார்கள். மேட்டுத் தெருக்காரர் ஒருவர், இதுவரைக்கும் எந்த வேட்பாளரும் தன் தெரு மேட்டில் இருப்பதைக் கவனித்ததில்லை என்று சொல்லித் தழுதழுத்தார். சனிக்கிழமை இடியார் கடைத்தெருவுக்குப் போனபோது, ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் பக்கத்தில் வந்து சிரித்தார்கள்.

பல் டாக்டர் தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்தார். ஒரு வேட்பாளருக்கு ஒரு குரல்தான், எதிராளிக்கு இரண்டு குரல் இருக்கிறது என்பது அவர் வாதம். அதிகாரி இரண்டு நாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மனைவி குறுக்கே பேசுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, இரு வேட்பாளர்களும் ஆளுக்கு ஒருவரைத் தங்களோடு உட்காரவைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

நான்காவது வெள்ளிக்கிழமை டாக்டர் தம் மருத்துவமனை நர்ஸைக் கூட்டிவந்தார். டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேச்சின் நடுவே டாக்டர் தன்னையறியாமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட, நர்ஸ் தன்னையறியாமல் ஒரு தம்ளர் தண்ணீரை அதில் வைத்தார். டாக்டர் அதைக் காமிராவிடம் நீட்டி, "கொப்பளிச்சுத் துப்பிடுங்க" என்றார். நகரம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மீதும் ஊருக்குப் பிரியம் கூடிவிட்டது.

இடியார் முறை வந்தபோது தையல்காரம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கண்ணுக்குத் தடை போட எந்த அதிகாரியாலும் முடியாது. "ஒரே வருஷத்துல பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கூரை போட்டுடுவேன்" என்றார் இடியார். எதிரே ஊசி நின்றது. அவர் பார்வை தாழ்ந்தது. "ரெண்டு வருஷம்" என்றார். ஊசி நகரவில்லை. "சரி, பாதிப் பள்ளிக்கூடத்துக்கு." ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஊசியும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒரு மனிதர் யாரும் சொல்லாமலே தன் பேச்சைத் தானே குறைத்துக்கொள்வதைத்தான் பார்த்தார்கள். தேர்தல் காலத்தில் அப்படி ஒன்றை அவர்கள் கண்டதேயில்லை.

ஓட்டு எண்ணினார்கள். பல் டாக்டர் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். செல்லாத ஓட்டுகள் ஒரு மூட்டை நிறைய வந்தன. பிரித்துப் பார்த்தால், இரண்டு வேட்பாளர்களின் பெயருக்கும் கீழே கையால் கோடு போட்டு, 'தையல்காரம்மா' என்று எழுதி, அதற்கு நேரே முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த மூட்டையில் பாதி ஒழுங்காக விழுந்திருந்தாலே இடியார் மேயர்.

"இதெல்லாம் தலைவர் குடும்பத்து ஓட்டுதானேங்க" என்று செயலாளர் வாதாடினார். "குடும்பத்துக்குள்ள மாத்திக்கக் கூடாதா?" அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டச் சொன்னார்.

வீட்டில் இடியார் பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. தையல்காரம்மாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மேல கோபமா?"

"என் ஓட்டை நீ பிரிச்சுட்டே."

"நான் எங்க நின்னேன்? எனக்கு எழுதிப் போடுங்கன்னு யார்கிட்டயாவது கேட்டேனா?"

"கேட்காமலே போட்டாங்களே, அதுதான். நான் ராத்திரி பகலா தொண்டை கிழியக் கேட்டேன்." தையல்காரம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடியார் கேட்டார். "சரி, நீ யாருக்குப் போட்டே?"

"அது ரகசியமா இருக்கணும்னு சட்டமே இருக்கு."

இடியார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பசித்தது.

தயாரிப்பாளர் பெண் மறுபடி வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நேரம் காலியாகத்தான் இருக்கிறது, நகராட்சி அதிகாரிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைக்கிறோம், நீங்கள் தைத்துக்கொண்டே கேள்வி கேளுங்கள் என்றாள். கட்சிச் செயலாளரும் அதே நாளில் வந்து, அடுத்த தேர்தலில் நீங்களே நில்லுங்கள் என்றார். தேர்தல் வேண்டாம் என்று தையல்காரம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார், அந்த வெளிச்சத்தில் காஜா வேலை நன்றாக ஓடுகிறது என்றார். முதல் வாரம் புது மேயரே வந்தார். தண்ணீர் வரியைப் பற்றி இதமாக ஆரம்பித்தவரிடம் அந்த அம்மா மூன்றே கேள்விதான் கேட்டார். மூன்றாவதற்கு டாக்டர், "அதைக் கேட்டுச் சொல்றேங்க" என்றார்.

இடியார் மைதானத்துக்குத் திரும்பினார். அவருக்கு அதுதான் இடம். வந்தவர்கள் இன்னமும் கைதட்டினார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் ஓரத்திலிருந்து கரைவதைக் கவனித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியும். டெலிவிஷனில் சுகாதார அதிகாரி பதில் சொல்ல வந்திருந்த வாரம் அது. கை தூக்காமல், நடுவில் நிறுத்தாமல், இருந்த வாக்கியங்களை விறுவிறுவென்று முடித்து நன்றி சொல்லி இறங்கினார். மைக் செட்காரர் ஏற்கெனவே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வீடு வரைக்கும் நடந்தால் பாதி நிகழ்ச்சி போய்விடும். வழியில் மின்சாமான் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். இடியார் அவர்களுக்குள் நுழைந்து முன்னால் போய் நின்றார். திரையில் தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுகாதார அதிகாரியிடம், "அந்தக் குப்பை வண்டி போன மாசம் எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார்.

"அதை விட்டுடாதே, கேளு" என்று இடியார் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

பின்னாலிருந்து யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். "பெரியவரே, கொஞ்சம் மெதுவா. அப்படியே தள்ளி நில்லுங்க, மறைக்குது."

இடியார் தள்ளி நின்றார்.